வயதான பூனை அடிக்கடி வாந்தி எடுக்கிறதா? இப்படித் தொடங்குங்கள்

"பூனை என்றால் கக்கத்தான் செய்யும், வயிற்றில் முடி சேர்ந்திருக்கும்" என்று எல்லாரும் சொல்வார்கள். எப்போதாவது ஒருமுறை என்றால் சரி. 10 வயது தாண்டிய பூனை மூன்று வாரமாக விட்டு விட்டுக் கக்குகிறது என்றால், முடி என்று தள்ளிவிடாதீர்கள்.

படி 1: அவசரமா என்று பாருங்கள்

தண்ணீர்கூடத் தங்கவில்லை, வாந்தியில் ரத்தம், ஈறு வெளுத்தோ மஞ்சளாகவோ இருக்கிறது, சிறுநீர் வராமல் முக்குகிறது, ஒரு நாள் முழுக்க எதுவும் சாப்பிடவில்லை: இதில் ஒன்று இருந்தாலும் இன்றே மருத்துவரிடம் போங்கள். சில நாள் பட்டினி கிடந்தாலே பூனையின் ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகிவிடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், குடலை அறுத்துவிடும்.

படி 2: வீடியோ எடுங்கள், எழுதி வையுங்கள்

வயிறு குலுங்க ஓங்கரித்து வருவதுதான் வாந்தி. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில், செரிக்காத உணவு சிரமமில்லாமல் வெளியே வந்து விழுந்தால் உணவுக்குழாயில் கோளாறு இருக்கலாம். கழுத்தை நீட்டித் தரையோடு குனிந்து இருமுவது ஆஸ்துமாவாகவும் இருக்கும். வாயால் விவரிப்பதைவிட வீடியோவைக் காட்டுவது மேல். தேதி, நேரம், என்ன சாப்பிட்டது, எப்படி வந்தது என்று ஒரு நோட்டில் குறியுங்கள். பல்லி பிடித்துத் தின்னும் பூனையா? அதையும் சொல்லுங்கள், பல்லி வழியாகப் பரவும் ஈரல் புழு ஒன்று உண்டு.

படி 3: எடை பாருங்கள்

என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். ரோமம் அடர்ந்த பூனை மெலிவது கண்ணுக்குத் தெரியாது, முதுகெலும்பைத் தடவினால்தான் தெரியும். குழந்தைகளுக்கான எடை மெஷினில் வாரம் ஒருமுறை எடை போடுங்கள். 4 கிலோ பூனை 400 கிராம் குறைவது, 60 கிலோ ஆள் 6 கிலோ இளைப்பதற்குச் சமம்.

படி 4: மருத்துவரிடம் என்ன கேட்பது

ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம், ஈரல், சர்க்கரையோடு தைராய்டுக்கான டி4 அளவையும் சேர்க்கச் சொல்லுங்கள். சிறுநீர்ப் பரிசோதனையும் வேண்டும். நிறையத் தின்றும் இளைத்தால் தைராய்டைச் சந்தேகிப்பார்கள். தண்ணீர் அதிகம் குடித்து அதிகம் சிறுநீர் போனால் சிறுநீரகம் அல்லது சர்க்கரை. தைராய்டு அதிகமாகச் சுரப்பது சிறுநீரகக் கோளாறை மறைத்துவிடும், அதனால் சிகிச்சை தொடங்கிய பிறகு சிறுநீரகத்தை மறுபடி சோதிக்க வேண்டும்.

எல்லாம் நார்மல் என்று வந்தால் அப்படியே வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். அடுத்து வயிற்று ஸ்கேன், ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவு. குடல் சுவர் தடித்திருந்தால் நாள்பட்ட குடல் அழற்சியா, மெதுவாக வளரும் லிம்போமா என்ற புற்றுநோயா என்று பிரித்தறியத் திசுப் பரிசோதனை தேவைப்படும். புற்றுநோய் என்றதும் உடைந்துபோக வேண்டாம். இந்த வகைக்கு வீட்டிலேயே கொடுக்கும் மாத்திரைகள் இருக்கின்றன, பல பூனைகள் ஒன்றிரண்டு வருடம் நன்றாகவே வாழ்கின்றன.

படி 5: வீட்டில்

நமக்கான மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் ஒன்றே பூனையைக் கொன்றுவிடும். பால் வேண்டாம். உணவைக் கொஞ்சம் கொஞ்சமாக நான்கைந்து வேளையாகக் கொடுங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள்.

ஒவ்வாமைக்கான தனி உணவை மருத்துவர் எழுதிக் கொடுத்தால், அப்புறம் அது மட்டும்தான். ஒரு துண்டு மீன்கூடக் கூடாது. பலன் இருந்தால் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தெரியும். பக்கத்து வீட்டில் போய்ச் சாப்பிடும் பூனை என்றால், அவர்களிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.