ஈஸ்டர் விருந்துக்கு முந்திரி மார்சிபான் முட்டை: ஓவன் இல்லாமல், முதல்முறை செய்கிறவர்களுக்காக

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் இனிப்பு கிடையாது. ஆனால் ஈஸ்டர் முட்டையை அந்த நாட்களுக்குள்தான் செய்து முடிக்க வேண்டும். ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறான குருத்தோலை ஞாயிறு முடிந்த திங்கள்கிழமை மாலை, அம்மா அடுப்பில் மார்சிபானுக்காக, அதாவது பருப்பு மாவும் சர்க்கரையும் சேர்ந்து திரளும் இனிப்புக்காக, முந்திரியும் சர்க்கரையும் கிளறுவார். வீடு முழுக்க ரோஜாப் பன்னீர் மணக்கும். கரண்டியை நக்க மட்டும் அனுமதி இல்லை. வாயில் வைத்துப் பார்க்க முடியாது என்பதால், விரலாலும் கண்ணாலும் பதம் பிடிக்க அம்மா எனக்குப் பழக்கினார். அந்தப் பழக்கத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். இதுவரை இனிப்பே கிளறாதவர்களும் இதைப் பார்த்துச் செய்யலாம்.

ஈஸ்டர் என்றால் சாக்லேட் முட்டை இல்லையா என்று கேட்பீர்கள். அது ஐரோப்பாவில் பிறந்த வழக்கம். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து ஃப்ரை நிறுவனம் 1873-இல் உள்ளே குடைவான சாக்லேட் முட்டை செய்தது, கேட்பரி 1875-இல். அந்த ஊரில் ஈஸ்டர் என்பது குளிர் விலகுகிற வசந்த காலம், சாக்லேட் மேசையில் அப்படியே நிற்கும். ஈஸ்டர் மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறிலும் வரலாம். நம் ஊரில் அது வெயில் ஏறும் நேரம். சாக்லேட் முட்டையைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தால், விருந்தாளிகள் செருப்பைக் கழற்றி உள்ளே வருவதற்குள் வியர்த்துவிடும். மார்சிபான் அப்படி இல்லை. காய்ந்து இறுகி, கூடத்து மேசையில் நாள் முழுக்க நிற்கும்.

ஐரோப்பாவில் மார்சிபானைப் பாதாம் பருப்பில் செய்வார்கள். ஜெர்மனியில் லூபெக், ஸ்பெயினில் டொலேடோ இரண்டும் அதற்குப் பேர்போன ஊர்கள். பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் பிரேசிலிலிருந்து முந்திரியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். கோவா, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு என்று இங்கே உள்ள கிறிஸ்தவ வீடுகளில் பாதாமின் இடத்துக்கு முந்திரி வந்தது அப்படித்தான். தூத்துக்குடி மக்ரூனும் இதே குடும்பம்தான்: அதே முந்திரி, அதே முட்டை வெள்ளைக்கரு, அதே சர்க்கரை. அதில் வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து ஓவனில் வைக்கிறார்கள், இதில் அடுப்பில் கிளறுகிறோம்.

"காஜு கத்லிதானே இது?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். கத்லிக்குப் பாகு காய்ச்ச வேண்டும், நெய் உண்டு, சாப்பிடும்போது மெத்தென்று இருக்கும். இதில் பாகும் இல்லை, நெய்யும் இல்லை. நெய் விட்டால் முட்டை காயாது, கூடு நிற்காது. ஆசைக்குக்கூட ஒரு சொட்டு விடாதீர்கள்.

தேவையானவை (உள்ளே குடைவான ஐந்தாறு முட்டைகளுக்கு)

முந்திரிப் பருப்பு – 250 கிராம்
ஐசிங் சுகர் – 250 கிராம், பிசையவும் தூவவும் இன்னும் கொஞ்சம்
முட்டை வெள்ளைக்கரு – 1
ரோஜாப் பன்னீர் – 1 டீஸ்பூன்
பாதாம் எசன்ஸ் – 3 அல்லது 4 சொட்டு
ஜெல் கலர் – விருப்பப்படி
ஒட்டுவதற்கு: ஐசிங் சுகர் 100 கிராம், தண்ணீர் சுமார் 3 டீஸ்பூன்
உள்ளே வைக்க: சீரக மிட்டாய், சின்னச் சின்ன சாக்லேட்

முழு முந்திரி வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். எப்படியும் பொடிக்கப் போகிறோம், உடைந்த முந்திரியே போதும், விலையும் குறைவு. வெள்ளையாக, எண்ணெய்ச் சிக்கு வாடை இல்லாமல் இருந்தால் சரி. பாதாம் எசன்ஸை மட்டும் விட்டுவிடாதீர்கள். முந்திரிக்குத் தனி மணம் குறைவு. மார்சிபான் வாசனை வருவதே அந்த நான்கு சொட்டில்தான். ஐந்தாவது சொட்டு விழுந்தால் இருமல் மருந்து மாதிரி ஆகிவிடும், அதனால் பாட்டிலிலிருந்து நேராக ஊற்றாமல் ஒரு ஸ்பூனில் விட்டுச் சேர்க்கவும்.

முட்டை வடிவ அச்சு கேக் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். சுமார் 8 செ.மீ. நீளமுள்ளதாக, இரண்டு பாதியாக இருக்கும் பிளாஸ்டிக் அச்சு தொடக்கத்துக்கு நல்லது.

பொடிப்பது

பாதி தோல்வி இங்கேதான் நடக்கும். முந்திரியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தால், முதல் நாளே வெளியே எடுத்துவிடுங்கள். குளிர்ந்த பருப்பில் ஈரம் படிந்து மாவு பசையாகும். மிக்ஸி ஜாரும் துளி ஈரமில்லாமல் இருக்க வேண்டும்.

ஜாரில் பாதிக்கு மேல் போடாதீர்கள். இரண்டு மூன்று விநாடி ஓட்டி நிறுத்தி, ஜாரைக் குலுக்கி, மறுபடியும் ஓட்ட வேண்டும். ஒரே மூச்சாக ஓட விட்டால் பருப்பு சூடேறி எண்ணெய் கக்கிவிடும். நான் தனியாகச் செய்த முதல் வருடம், மாவு இன்னும் நைசாக இருக்கட்டும் என்று ஒரு நிமிடம் சேர்ந்தாற்போல் ஓட்டிவிட்டேன். கால் கிலோ முந்திரியும் வெண்ணெய் மாதிரி ஜாரின் அடியில் ஒட்டிக்கொண்டது. அதை ஒரு வாரம் குருமாவில் சேர்த்துத் தீர்த்தோம். சந்தேகமாக இருந்தால், முந்திரியோடு இரண்டு ஸ்பூன் ஐசிங் சுகரைச் சேர்த்து அரைக்கலாம். சர்க்கரை அந்த எண்ணெயை இழுத்துக்கொள்ளும்.

அரைத்ததை ரவை சலிக்கிற சல்லடையில் சலித்து, மேலே நிற்கும் குருணையை மறுபடி அரைக்கவும். கடைசியாக மிஞ்சும் ஒரு ஸ்பூன் குருணையைப் பாயசத்துக்கு எடுத்து வைத்துவிடலாம்.

கிளறுவது

அடி கனமான நான்-ஸ்டிக் வாணலியில் முந்திரி மாவு, ஐசிங் சுகர், வெள்ளைக்கரு மூன்றையும் போட்டு, அடுப்பைப் பற்ற வைக்கும் முன்பே நன்றாகக் கலந்துவிடுங்கள். சூட்டில் வெள்ளைக்கருவை விட்டால் முட்டைப் பொரியல் மாதிரித் திரிந்துவிடும். கலந்ததும் முதலில் வறட்டு மாவு போலத்தான் தெரியும். பயந்து தண்ணீர் சேர்க்க வேண்டாம். சூடேறினால் சர்க்கரை இளகித் தளர்ந்துவிடும்.

இப்போது அடுப்பைச் சிறு தீயில் வைத்து, மரக்கரண்டியால் அடி தொட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள். நிறம் மாறவே கூடாது, முந்திரி சிவந்துவிட்டால் வெளிர் நிறங்கள் எதுவும் எடுபடாது. முதல் நாலைந்து நிமிடம் தோசை மாவை விடக் கெட்டியான கூழ் மாதிரி இருக்கும். அப்புறம் கரண்டி போன வழியில் வாணலியின் அடி தெரிய ஆரம்பிக்கும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் எல்லாம் ஓரம் விட்டுத் திரண்டு, கரண்டியோடு சேர்ந்து சுற்றி வரும்.

இந்த இடத்தில்தான் விரல் வேலை. மிளகளவு மாவை எடுத்து, ஊதி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டுங்கள். விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால் இன்னும் ஒரு நிமிடம். ஒட்டாமல் உருண்டு, மேலே லேசாக மினுங்கினால் பதம். உருட்டும்போதே விரிசல் விட்டால் பதம் தாண்டிவிட்டது, உடனே இறக்கி ஒரு ஸ்பூன் பன்னீர் தெளித்துப் பிசைந்தால் காப்பாற்றிவிடலாம். அம்மா இன்னொன்றும் பார்ப்பார்: உருண்டையைச் சுண்டுவிரலால் குத்தினால் குழி அப்படியே நிற்க வேண்டும். குழி மெதுவாக மூடினால் அவர் அடுப்பை அணைக்க மாட்டார்.

இறக்கியதும் பன்னீரும் எசன்ஸும் சேர்த்துக் கிளறித் தட்டில் கொட்டுங்கள். ஈரத்துணியால் மூடுங்கள், திறந்து வைத்தால் மேலே தோல் கட்டும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும், கையில் ஐசிங் சுகர் தொட்டுக்கொண்டு சப்பாத்தி மாவு பிசைவதுபோல் அழுத்திப் பிசைய வேண்டும். ஐந்து நிமிடப் பிசைவில் நெறுநெறுப்பு போய், காது மடல் மாதிரி மெத்தென்று வரும்.

முட்டை சாப்பிடாத நண்பர்கள் வருகிறார்களா? வெள்ளைக்கருவுக்குப் பதிலாக இரண்டு டேபிள்ஸ்பூன் தண்ணீரும் ஒரு டீஸ்பூன் லிக்விட் குளுக்கோஸும் சேர்த்து இதே முறையில் கிளறலாம். கூடு கொஞ்சம் எளிதில் உடையும், ருசியில் குறை இருக்காது.

நிறமும் வடிவமும்

மாவை மூன்று நான்காகப் பிரித்து, பல்குத்தும் குச்சி நுனியில் தொட்ட அளவு ஜெல் கலர் போட்டுப் பிசையுங்கள். வசந்த காலத்து நிறம் என்றால் இளமஞ்சள், வெளிர் ரோஜா, கிளிப்பச்சையில் தண்ணீர் விட்ட மாதிரி ஒரு பச்சை. காய்ந்தபின் நிறம் சற்றுக் கூடித் தெரியும், ஆகவே வேண்டியதை விட ஒரு படி குறைவாகவே நிறுத்துங்கள்.

அச்சுக்குள் ஐசிங் சுகரைத் தூவிக் கவிழ்த்துத் தட்டிவிடுங்கள். நாற்பது கிராம் மாவை உருட்டி, அரை செ.மீ. கனத்துக்குத் தட்டி, அச்சுக்குள் பதித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் ஒற்றி ஒற்றிக் கொண்டுவர வேண்டும். ஓரத்தில் வழிவதைக் கத்தியால் மட்டமாகச் சீவுங்கள். அந்த விளிம்பு நேராக இருந்தால்தான் பிறகு இரண்டு பாதியும் இடைவெளி இல்லாமல் பொருந்தும். பத்து நிமிடம் விட்டு, அச்சைக் கவிழ்த்து மெதுவாகத் தட்டினால் பாதி முட்டை கையில் விழும்.

அச்சு இல்லையென்றால் இருபது கிராம் உருண்டைகளைக் கொழுக்கட்டை பிடிப்பதுபோல் ஒரு முனை கூராக உருட்டிவிடுங்கள். குழந்தைகளுக்கு இந்த வேலைதான் பிடிக்கும். உள்ளே ஒன்றும் வைக்க முடியாது, அவ்வளவுதான்.

காய வைப்பது

பாதி முட்டைகளைத் தட்டையான தட்டில் வைத்தால் அடி சப்பையாகும். பட்டர் பேப்பரைச் சதுரமாக வெட்டி இட்லித் தட்டின் குழிகளில் போட்டு, அதன்மேல் வைத்து ஃபேனுக்குக் கீழே எட்டு மணி நேரம் விடுங்கள். கடலோர ஊர்களில் காற்று ஈரமாக இருக்கும், ஒரு முழு நாள் ஆகலாம். வெயிலில் வைக்கக் கூடாது. முந்திரி எண்ணெய் கசியும். மூடாமல் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் ஈரம் கோத்துப் பிசுபிசுக்கும். விரல் நகத்தால் தட்டினால் டொக் என்று சத்தம் வர வேண்டும்.

ஒட்டுவது

நூறு கிராம் ஐசிங் சுகரில் தண்ணீரை அரை ஸ்பூன் அரை ஸ்பூனாக விட்டுக் குழையுங்கள். கரண்டியைத் தூக்கினால் வழியாமல் தொங்க வேண்டும், பற்பசை மாதிரி. பலரும் இதைப் பச்சை வெள்ளைக்கருவில் செய்கிறார்கள். சிறு பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் வரும் விருந்து என்றால் தண்ணீரே நல்லது.

ஒரு பாதியில் சீரக மிட்டாயையும் சாக்லேட்டையும் முக்கால் பங்கு நிரப்புங்கள். வழிய நிரப்பினால் மூடாது. விளிம்பில் ஐசிங்கைத் தடவி, மறுபாதியை வைத்து, கால் நிமிடம் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். மிச்ச ஐசிங்கைக் கெட்டியான பிளாஸ்டிக் பையில் போட்டு நுனியைத் துளி வெட்டினால் கோன் தயார். அதை வைத்து இணைப்புத் தெரியாதபடி சுற்றிலும் புள்ளி வையுங்கள். கோலம் போடுகிற கைக்கு இது சாதாரணம். மேலே பூ, இலை, பிள்ளைகளின் பெயர் என்று எழுதி, இன்னும் இரண்டு மணி நேரம் காய விடுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம் வெளியிலேயே இருக்கும்.

முந்திரி ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் வருகிறார்களா என்று பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சிறு குழந்தைகளின் முட்டையில் சின்ன மிட்டாய் வேண்டாம்.

மாவு மிஞ்சினால்

கடையில் வாங்கிய சாதாரண பிளம் கேக்கையே ஈஸ்டர் கேக் ஆக்கிவிடலாம். இங்கிலாந்தில் சிம்னல் கேக் என்று உண்டு. உலர்பழக் கேக்கின் மேல் மார்சிபானை வட்டமாகத் தேய்த்துப் போட்டு, ஓரத்தில் 11 உருண்டைகள் வைப்பார்கள். யூதாஸ் நீங்கலான 11 சீடர்களுக்காக. மேலே ஜாம் தடவி மார்சிபானை ஒட்டினால் போதும்.

இடம் நிரப்ப இன்னும் ஒரு தட்டு வேண்டுமென்றால் சாக்லேட் கூடு செய்யுங்கள். 200 கிராம் காம்பவுண்ட் சாக்லேட், 25 கிராம் வெண்ணெய் இரண்டையும் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கி, 75 கிராம் கார்ன்ஃப்ளேக்ஸைப் புரட்டி, கப்கேக் பேப்பரில் அள்ளி வைத்து நடுவில் குழி செய்தால் பன்னிரண்டு கூடு வரும். உருகும் சாக்லேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் கட்டிதட்டிவிடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உருட்டிய குட்டி முட்டைகள் மூன்றை அதில் வைத்தால் பறவைக்கூடே தான். ஆனால் இது பரிமாறும் வரை குளிரில்தான் இருக்க வேண்டும்.

பழைய ஐரோப்பாவில் தவக்காலத்தில் முட்டை சாப்பிட மாட்டார்கள், கோழிகளோ இட்டுக்கொண்டே இருக்கும், சேர்ந்த முட்டையெல்லாம் ஈஸ்டருக்குத்தான் என்பார்கள். எங்கள் வீட்டு முட்டைகளும் அப்படித்தான், திங்கள் முதல் சனி வரை அலமாரியின் மேல்தட்டில் காத்திருக்கும். நள்ளிரவுத் திருப்பலியில் உன்னத கீதத்துக்கு மணிகள் அடித்து, பூசை முடிந்து வீடு வந்து சேரும்போது விடிகாலை இரண்டு மணி ஆகியிருக்கும். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு முட்டை கொடுப்போம். கத்தியால் வெட்டக் கூடாது. மேசை விளிம்பில் ஒரு தட்டு, இணைப்பில் விரிசல், தட்டில் சீரக மிட்டாய் உதிரும் சத்தம். அம்மா முதல் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, அந்த வருடத்துப் பதம் எப்படி என்று அப்போதுதான் சொல்வார்.