நோஸ்லி சஃபாரி: ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுப் போங்கள்

இங்கிலாந்தில் லிவர்பூல் பக்கத்தில், காரில் இருந்தபடியே விலங்குகளைப் பார்க்கும் நோஸ்லி சஃபாரிப் பூங்காவுக்குச் சொந்தக் காரில் போகிறவர்கள், நுழைவு வாசலுக்கு முன்பே கூரை ஆன்டெனாவைக் கழற்றி டேஷ்போர்டுக்குள் வைத்துவிடுங்கள். கம்பியின் அடியைப் பிடித்து இடப்பக்கமாகத் திருகினால் கையாலேயே வந்துவிடும். கூரைமேல் பெட்டியோ சைக்கிள் ஸ்டாண்டோ இருந்தால் அதையும் வீட்டிலேயே விட்டுவிடுவது நல்லது. உள்ளே போனபின் இறங்க முடியாது.

டெர்பி பிரபுக்களின் பழைய எஸ்டேட்டில் 1971-ல் திறந்த இந்தப் பூங்காவில் சிங்கத்தால் காருக்கு வரும் சேதத்தைவிட பபூன் குரங்குகளால் வருவதுதான் அதிகம். பானெட்டில் ஏறி உட்கார்ந்து, வளைகிறதா, அசைகிறதா என்று ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கும். முதலில் போவது ஆன்டெனா, அடுத்தது வைப்பர் ரப்பர், ஜன்னலோர ரப்பர் பட்டை. முன் வைப்பரை மட்டும் கழற்றாதீர்கள். அந்த ஊர் மழையை நம்ப முடியாது. குரங்கை விரட்ட வைப்பரை ஓடவிடவும் வேண்டாம். அது பிடித்துக்கொண்டால் மோட்டார் திணறும், வைப்பரின் கம்பி வளையும்.

சுறாத் துடுப்பு போன்ற ஆன்டெனா கழறாது; அந்தக் கார்களுக்கு இந்த யோசனை உதவாது. வாடகைக் கார், புதுக் கார் என்றால் பபூன் பகுதிக்குள் போகவே வேண்டாம். பக்கத்திலேயே தனி வழி பிரிகிறது, வேலிக்கு வெளியிலிருந்தே குரங்குகளைப் பார்க்கலாம்.