எல்லையோரத்தில் மெக்சிகோவின் சொந்தச் சமையலைத் தேடிச் சாப்பிடுவது எப்படி?

அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் இடையிலான எல்லை, பசிபிக் கடற்கரையிலிருந்து மெக்சிகோ வளைகுடா வரை ஏறத்தாழ 3,145 கி.மீ. நீள்கிறது. அதன் தென்புறத்தில் ஆறு மெக்சிகோ மாநிலங்கள் இருக்கின்றன. ஓர் அடுப்பின் சமையல் மற்றோர் அடுப்பில் இல்லை. இவ்வழியே பயணம் செய்பவர் “அசல் மெக்சிகோ உணவு எங்கே கிடைக்கும்?” என்று கேட்டால், பெரும்பாலும் சுற்றுலாக் கடைத்தெருவைத்தான் காட்டுவார்கள். இந்த ஊர்க்காரர்கள் எதை, எந்த நேரத்தில், யாரிடம் வாங்கிச் சாப்பிடுகிறார்கள் என்று விசாரிப்பவருக்கு வேறு வழி திறக்கும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். மெக்சிகோவின் மெல்லிய ரொட்டியான டோர்ட்டியாவில் மக்காச்சோளத்தில் செய்ததுதான் அசல், கோதுமை டோர்ட்டியா அமெரிக்கர்களுக்காக வந்த கலப்படம் என்று பலர் நம்புகிறார்கள். மத்திய, தென் மெக்சிகோவில் சோளமே அரசன் என்பது உண்மைதான். ஆனால் வறண்ட வடக்கில், குறிப்பாகச் சொனோரா மாநிலத்தில், ஸ்பானியர் காலத்தில் வந்த கோதுமை வேரூன்றிப் பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. அங்கே ‘சோபாகேரா’ என்றொரு டோர்ட்டியா உண்டு. பரோட்டா மாவை வீசுவதுபோல் கைமாற்றிக் கைமாற்றி விரித்து, மறுபுறம் தெரியும் அளவுக்கு மெல்லியதாக்கி, கவிழ்த்த இரும்புச் சட்டியின் மேல் சுடுகிறார்கள். மெஸ்கீட் மரக்கரியில் வாட்டிய மாட்டிறைச்சியும், சுண்டைக்காயைவிடச் சிறிய ‘சில்தெபீன்’ என்னும் உருண்டைக் காட்டு மிளகாயும் அதற்குத் துணை. எல்லையில் உள்ள நொகாலெஸ் நகரிலோ, அதற்கு வடக்கே ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில் உள்ள அரிசோனாவின் டூசான் நகரிலோ சோள டோர்ட்டியாவை மட்டும் தேடி அலைபவர், அந்த மண்ணின் சிறந்த உணவைக் கண்ணெதிரே தவறவிடுகிறார். 2015ஆம் ஆண்டு யுனெஸ்கோ தன் உணவுக்கலை நகரங்களின் பட்டியலில் டூசானைச் சேர்த்தது. அந்தப் பெருமையை அடைந்த முதல் அமெரிக்க நகரம் அதுவே. பன்றி இறைச்சிப் பட்டை சுற்றி, அவரை விதைகளும் தக்காளியும் போட்டு விற்கப்படும் சொனோரா ஹாட் டாக்கைக் கண்டு முகம் சுளிக்க வேண்டியதில்லை. அது பழைய மரபு அல்ல; ஆனால் அந்த ஊர் மக்கள் தங்களுக்காகச் சமைத்துக்கொண்டது. எனக்கு அந்த அளவுகோல் போதும்.

சோள டோர்ட்டியா கிடைக்கும் இடத்தில் அதன் தரத்தை அறிவது எளிது. முற்றிய சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, கழுவி அரைத்தெடுப்பதுதான் முறையான மாவு. இந்தப் பக்குவத்துக்கு ‘நிஷ்டமால்’ என்று பெயர். அப்படிச் செய்த டோர்ட்டியாவில் சோளத்தின் மணம் தனியாக எழும். மடித்தால் விரிசல் விடாது. பொட்டல மாவில் செய்தது ஆறியதும் வறண்டு உடையும். மெக்சிகோ நகரங்களில் ‘டோர்ட்டியெரியா’ என்ற பெயர்ப்பலகையுடன் சிறு ஆலைகள் உண்டு. அங்கே டோர்ட்டியாவைக் கிலோ கணக்கில் சுடச்சுட எடைபோட்டுத் தருவார்கள். நிஷ்டமாலில் செய்தது என்று எழுதியிருக்கும் கடையில் சிறிதளவு வாங்கி, சற்று உப்புத் தூவித் தின்று பாருங்கள். பிறகு மற்ற இடங்களை எடைபோட நாக்கே கற்றுக்கொள்ளும்.

எல்லை நகரங்களிலேயே வளமானது டிஹுவானா. நாட்டின் பல மூலைகளிலிருந்து வேலை தேடி வந்தவர்களின் ஊர் அது. எனவே அங்குள்ள பெயர்ப்பலகைகளைப் படிப்பதே பாதித் தேடலை முடித்துவிடும். ஆம்பூர் பிரியாணி, திருநெல்வேலி அல்வா என்று நாம் ஊர்ப்பெயரைப் பார்ப்பதுபோல, அங்கே ‘எஸ்திலோ’ என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் ஊர்ப்பெயரைப் பார்க்க வேண்டும். ‘இன்ன ஊர்ப் பாணி’ என்பது அதன் பொருள். ஹலிஸ்கோ என்றிருந்தால் பிர்ரியா என்னும் மசாலா இறைச்சிக் குழம்பு. மிச்சோவாகான் என்றிருந்தால் கொழுப்பில் மெதுவாக வெந்த பன்றி இறைச்சியான கர்னீதாஸ். சினலோவா என்றிருந்தால் எலுமிச்சைச் சாற்றில் ஊறிய இறாலும் மீனும். டிஹுவானாவுக்கே உரியது என்றால், செங்குத்துக் கம்பியில் சுழன்று வேகும் பன்றி இறைச்சியில் செய்யும் அடோபாடா டாகோவைச் சொல்லலாம்; டாகோ என்பது டோர்ட்டியாவின் நடுவில் கறி வைத்து மடித்தது. இந்தக் கம்பி அடுப்பு, மத்தியக் கிழக்கிலிருந்து குடியேறியவர்கள் மெக்சிகோவுக்குக் கொண்டுவந்த முறையின் வழித்தோன்றல். சீசர் சாலட் பிறந்ததும் இந்நகரில்தான், 1924ஆம் ஆண்டில், என்பது பரவலாக வழங்கும் வரலாறு. ஒரு நாள் கூடுதலாக இருந்தால் தெற்கே ஏறத்தாழ 100 கி.மீ. சென்று, மாவில் தோய்த்துப் பொரித்த மீனும் முட்டைக்கோசும் வைத்த டாகோவை என்செனாடாவின் தெருவோரத்தில் சாப்பிடுங்கள்.

டெக்சஸின் எல் பாசோவுக்கு எதிரே உள்ள சியுதாத் ஹுவாரெஸ் புரிட்டோவின் ஊர். அங்கே புரிட்டோ என்பது கையளவு ஒல்லியான கோதுமைச் சுருள். உள்ளே ‘கிசாடோ’ எனப்படும் ஏதேனும் ஒரு குழம்புக்கறி மட்டுமே இருக்கும். பச்சை மிளகாய் இறைச்சி, பாலாடைக்கட்டி சேர்த்த அவரை மசியல் என்று சட்டிகள் வரிசையாக நிற்கும், “தே கே தியெனே?” என்று கேட்டால் எந்தெந்தக் கறி இருக்கிறது எனச் சொல்வார்கள். அரிசியும் அவரையும் திணித்துப் பெரிதாகக் கட்டித் தரும் புரிட்டோ சான்பிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதியில் 1960களில் வளர்ந்தது. அதுவும் நன்றாகவே இருக்கும். ஆனால் இந்தத் தேடலில் சேராது. கிழக்கே போகப் போக ஆட்டுக்குட்டியை வாட்டும் நுவேவோ லெயோன் மாநிலமும், பாலாடைக்கட்டி உருக்கிய டோர்ட்டியாச் சில்லுகளான நாச்சோஸ் பிறந்த பியெத்ராஸ் நெக்ராஸ் நகரும் வரும்.

இடத்தைவிட நேரம் முக்கியம். பிர்ரியா காலை உணவு. நண்பகலில் நல்ல கடையில் சட்டி காலியாகியிருக்கும். மாட்டு இரைப்பையில் செய்யும் மெனூடோவும், குழியிலோ ஆவியிலோ இரவெல்லாம் வெந்த பார்பகோவா இறைச்சியும் வார இறுதிக் காலைக்கு உரியவை. கடலுணவைப் பகலிலேயே முடித்துக்கொள்வது வழக்கம். நாளின் பெரிய சாப்பாடு பிற்பகல் 2 முதல் 4 மணிக்குள்; அப்போது சிறு உணவகங்களில் ‘கொமிடா கொரீடா’ என்ற பெயரில் சூப், சோறு, ஒரு கறி, குடிக்க ஒரு பானம் என்று அளவுச் சாப்பாடு மலிவாகக் கிடைக்கும். கம்பியில் சுழலும் இறைச்சிக்கு இருட்டிய பிறகு செல்ல வேண்டும். எல்லா உணவும் எல்லா நேரத்திலும் உண்டு என்று படங்களுடன் அட்டை நீட்டும் கடையைக் கடந்து போய்விடலாம்.

கடை வாசலில் நின்று பார்க்க வேண்டியவை சில. ஒன்றிரண்டு உணவுகளை மட்டும் செய்கிறார்களா, வேலைக்குப் போகும் உடையில் உள்ளூரார் நிற்கிறார்களா, டோர்ட்டியா கல்லில் அப்போதுதான் சூடாகிறதா, சல்சா என்னும் மிளகாய்த் துவையல் கடையிலேயே அரைத்ததா என்று கவனியுங்கள். தெருக்கடையில் முதலில் சாப்பிட்டுவிட்டு, எத்தனை டாகோ என்று சொல்லிப் பிறகு பணம் தருவது பல இடங்களில் வழக்கம். “கோன் தோதோ” என்றால் வெங்காயம், கொத்தமல்லி, சல்சா எல்லாம் சேர்த்துத் தருவார்கள். டாலர் வாங்குவார்கள், ஆனால் மாற்று மதிப்பில் இழப்பு உங்களுக்கே. சில்லறைப் பெசோ வைத்திருங்கள்.

சைவ உணவினர் கூடுதலாக எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ‘கார்னே’ இல்லாமல் என்று கேட்டால், அந்தச் சொல்லுக்கு ஆடுமாட்டு இறைச்சி என்று மட்டும் பொருள் கொண்டு கோழியை வைத்துத் தருபவர்கள் உண்டு. “நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காடோ” என்று இறைச்சி, கோழி, மீன் மூன்றையும் தனித்தனியே சொல்ல வேண்டும். அதன்பின் “யேவா மந்தேகா?” என்று கேளுங்கள், மந்தேகா என்பது பன்றிக் கொழுப்பு. வெண்ணெய்க்கு ‘மந்தெகீயா’ என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது. அவரை மசியலிலும், கோதுமை டோர்ட்டியாவிலும், சோள மாவை மடலில் பொதிந்து அவிக்கும் தமாலிலும் அக்கொழுப்பு பெரும்பாலும் இருக்கும். சோற்றைக் கோழிச்சாற்றில் வேகவைப்பதும் உண்டு. சோள டோர்ட்டியாவில் கொழுப்புச் சேர்ப்பதில்லை. சப்பாத்திக்கள்ளி மடலான நொபாலெஸ், சுட்டு உரித்த மிளகாய்க் கீற்றுகள், பாலாடைக்கட்டி ஆகியவை வைத்து மடித்துச் சுட்ட டோர்ட்டியாவான கேசடியா சைவருக்கு நிறைவான உணவு. குடிக்க, புளிக்கரைசலான தமரீந்தோவையோ புளிச்சக்கீரை இனச் செடியின் சிவந்த புல்லிதழில் செய்யும் ஹமைக்காவையோ கேளுங்கள். இரண்டும் நம் நாக்குக்குப் பழகிய புளிப்பே.

எல்லையைத் தாண்ட முடியாதவர்கள் வடபுறத்திலேயே ‘கர்னிசெரியா’ எனப்படும் மெக்சிகோ இறைச்சிக் கடைகளைத் தேடலாம். பலவற்றின் பின்பகுதியில் சமையலறை இருக்கும். மஞ்சள் செடார் கட்டி, மொறுமொறுப்பாக மடித்த டாகோ ஓடு, கொத்திய மாட்டிறைச்சி ஆகியவை டெக்சஸ்-மெக்சிகோ சமையலின் அடையாளங்கள். அதற்குத் தனி மரபு உண்டு என்பதால் அதைப் போலி என்று சொல்ல எனக்கு மனமில்லை.

தாண்டிச் செல்பவர்களுக்கு: சான் டியாகோ நகர மையத்திலிருந்து நீலத்தட டிராம், எல்லைக்கு அருகிலேயே சான் இசித்ரோவில் கொண்டுவிடும், அங்கிருந்து நடந்தே டிஹுவானாவுக்குள் போகலாம். செல்லுபடியாகும் அமெரிக்க விசா வைத்திருப்பவர்களிடம் சுற்றுலாவுக்காக மெக்சிகோ தனி விசா கேட்பதில்லை. ஆனால் மறுபடி அமெரிக்காவுக்குள் நுழைய உங்கள் ஆவணம் இடம் தருகிறதா என்பதை முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ளுங்கள். திரும்பும் வரிசை மணிக்கணக்கில் நீளக்கூடும் என்பதால், கடைசி டாகோவுக்குப் பிறகும் நேரம் ஒதுக்கி வையுங்கள். வாங்கி வரும் உணவுப் பொருள் எதுவானாலும் சுங்க அலுவலரிடம் சொல்லிவிட வேண்டும். கொட்டையுடன் கூடிய அவகாடோவை உள்ளே விடமாட்டார்கள். அதை மெக்சிகோவிலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.