தியானமும் வேண்டும், வேலையும் நடக்க வேண்டும்: படைப்பாளிகள் சறுக்கும் இடங்கள்

"மனசு கொஞ்சம் அடங்கட்டும், அப்புறம் எழுதலாம்." எழுத்து, பாட்டு, ஓவியம் என்று ஏதோ ஒன்றில் இருந்துகொண்டே தியானம், ஜபம் பக்கமும் நாட்டம் வந்தவர்கள் வாயில் அடிக்கடி வரும் பேச்சு இது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். முதல் தவறே இதுதான். அடங்கட்டும் என்று காத்திருப்பவருக்கு மனசும் அடங்குவதில்லை, நோட்டும் நிறைவதில்லை. ஒரு வருஷம் கழித்துக் கேட்டால், "இன்னும் உள்ளே ஏதோ ஓடிக்கிட்டேதான் இருக்கு" என்பார்கள்.

விடுதலை இயக்கத் தலைவராக இருந்து யோகியான அரவிந்தருக்கு வந்தது இதற்கு நேர்மாறான சிக்கல். 1907 டிசம்பரில் சூரத் காங்கிரஸ் இரண்டாகப் பிளந்த கையோடு பரோடாவுக்குப் போனவர், விஷ்ணு பாஸ்கர் லேலே என்ற மகாராஷ்டிர யோகியோடு ஒரு மாடி அறையில் மூன்று நாள் உட்கார்ந்தார். மனம் ஓய்ந்தே போனது. ஆனால் அடுத்து பம்பாயில் கூட்டம், பேசியாக வேண்டும். உள்ளே ஒரு எண்ணமும் இல்லையே, எப்படிப் பேசுவது என்று லேலேயைக் கேட்டார். கூட்டத்துக்குப் போக வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. வந்திருப்பவர்களைக் கும்பிட்டுவிட்டுக் காத்திரு, பேச்சு வரும் என்றார். வந்தது. அதன் பிறகு தம் பேச்சும் எழுத்தும் அந்த அமைதியிலிருந்தே வந்ததாக அரவிந்தர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இதைக் கேட்டுவிட்டு, "பாருங்க, எல்லாம் தானா வரும்" என்று முடிவு கட்டுகிறவர்கள் அடுத்த தவறில் விழுகிறார்கள். அவர் மேடை ஏறினார் என்பது அவர்கள் காதில் விழுவதில்லை. அதற்கு முன்பே 'வந்தே மாதரம்' நாளேட்டுக்குத் தலையங்கம் எழுதி எழுதிப் பழகிய கை அது. புதுச்சேரிக்கு வந்த பிறகும் கதை இப்படித்தான். 1914 ஆகஸ்ட் 15 அன்று 'ஆர்யா' மாத இதழைத் தொடங்கினார். இதழுக்கு 64 பக்கம். கீதை பற்றி ஒரு தொடர், வேதம் பற்றி ஒன்று, யோகம் பற்றி ஒன்று, தத்துவத்தில் ஒன்று எனப் பல தொடர்களை ஒரே சமயத்தில் ஓட்டினார். பெரும்பகுதி அவர் எழுதியதே. 1921 தொடக்கம் வரை இது நடந்தது. யோகியே ஆனாலும் இதழ் தேதி இதழ் தேதிதான்! அச்சுக்கூடத்துக்காரரிடம் "இந்த மாசம் தியானம் கூடலை" என்று சொல்ல முடியுமா?

பாடுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். விடியற்காலை அகாரசாதகம் ('ஆ' என்று இழுத்துச் சுரம் பழகும் குரல் பயிற்சி) பண்ணாத தொண்டையில், எத்தனை லட்சம் நாமம் ஜபித்தாலும் மேல் ஷட்ஜம், அதாவது மேல் ஸ்தாயி 'ஸ', நிற்காது.

தியானத்தை எழுத்துக்கு உரம்போல் போடுவது இன்னொரு வகைத் தவறு. காலையில் இருபது நிமிஷம் உட்கார்ந்தால் நாலு நல்ல வரி தேறும் என்று ஒரு கணக்கு. கண்ணை மூடியிருக்கும்போதே உவமை ஒன்று தட்டுப்படும், கை போனைத் தேடும், குறிப்புச் செயலியில் தட்டிவிட்டு மறுபடி கண்ணை மூடுவார்கள். அதற்குப் பிறகு நடப்பது தியானம் அல்ல, அடுத்த வரிக்கான காவல். வந்த வரியைப் போகவிடுங்கள் என்பேன். நல்ல வரியென்றால் மேஜையில் உட்காரும்போது திரும்ப வரும். வராவிட்டால் பெரிய நஷ்டமில்லை. இதை ஒப்புக்கொள்ளாத கவிஞர்கள் உண்டு, தெரியும்.

"எனக்காக எழுதுறேன், யாரும் படிக்க வேணாம்" என்பது கொஞ்சம் நுட்பமான சறுக்கல். துறவு போலத் தெரியும். பல நேரம் நிராகரிப்புக்குப் பயந்த மனசு காவி கட்டிக்கொண்டு நிற்பதுதான். வள்ளலாரும் தம் பாடல்களைப் பதிப்பிக்க எளிதில் இசையவில்லை. இறுக்கம் இரத்தின முதலியார் என்ற அன்பர், பாடல்கள் கைக்கு வந்து சேரும்வரை ஒரு வேளைதான் சாப்பிடுவேன் என்று விரதம் பூண்ட பிறகே சம்மதித்தார். அப்போதும் 'இராமலிங்கசாமி' என்று பெயர் போடுவதில் தமக்குச் சம்மதமில்லை, அது ஆரவாரமான பெயராகத் தோன்றுகிறது என்று கடிதம் எழுதினார். கவனியுங்கள், பெயர் வேண்டாம் என்பதும் பாட்டு வெளியே போக வேண்டாம் என்பதும் இரண்டு தனித்தனி விஷயங்கள். நாம் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். அவர் முதலாவதில் பிடிவாதமாக இருந்தார், இரண்டாவதை விட்டுக்கொடுத்தார். 1867இல் திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் அச்சில் வந்தன.

அதே 1867 மே மாதம் வடலூரில் சத்திய தருமசாலை தொடங்கியது. பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த 80 காணி நிலம், பசித்து வந்தவர்களுக்குச் சோறு, அன்று மூட்டி இன்றுவரை அணையாத அடுப்பு. சோறு போடுவதென்றால் அரிசி வர வேண்டும், விறகு வர வேண்டும், ஆட்களை அமர்த்த வேண்டும், ஊரார் மனஸ்தாபங்களைத் தீர்க்க வேண்டும். இன்றைய எழுத்தாளர் பாதிப் பேர் "இதெல்லாம் என் படைப்பு நேரத்தைத் தின்னுது" என்று ஒதுங்கும் வேலைகள். 1,596 அடி கொண்ட அருட்பெருஞ்ஜோதி அகவலை அவர் பாடியது 1872இல், தருமசாலை தொடங்கி ஐந்து வருஷம் ஆன பிறகு. வீட்டில் வயசான அம்மாவுக்கு மருந்து எடுத்துக் கொடுப்பதும், பிள்ளையைப் பள்ளியில் விடுவதும் ஆன்மிக சாதனைக்கு இடைஞ்சல் என்று சலித்துக்கொள்கிறவர்களிடம் இந்தத் தேதிகளைத்தான் சொல்லத் தோன்றும்.

எதிர்ப்பக்கத் தவறு எல்லாருக்கும் தெரிந்ததே. வாரம் ஒரு வெளியீட்டு விழா, தினம் ஒரு நேரலை, எல்லாச் சண்டையிலும் ஒரு கருத்து. மூன்று வருஷத்தில் பழைய புத்தகத்தையே வேறு அட்டையில் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

கடைசியாக, சரிபாதி என்ற நினைப்பு. தினமும் ஒரு மணி நேரம் உள்ளே, ஒரு மணி நேரம் வெளியே என்று அட்டவணை போட்டு, தவறினால் குற்றவுணர்வில் வேகுவது. யாருடைய வாழ்க்கையும் அப்படிப் போகவில்லை. அரவிந்தர் 1926 நவம்பரில் தனிமைக்குள் போனார். ஆனால் 1930களில் சீடர்களின் கடிதங்களுக்கு இரவெல்லாம் உட்கார்ந்து பதில் எழுதினார், அவை பல தொகுதிகளாக வந்திருக்கின்றன. கையிலுள்ள வேலை முடிகிற மாதத்தில் தியானம் பத்து நிமிஷமாகச் சுருங்கினால் சுருங்கட்டும். வேலை முடிந்த மறுநாளே அடுத்ததை ஒப்புக்கொள்ளாமல் சில வாரம் சும்மா இருங்கள். ஆனால் அந்தச் சும்மாவுக்கும் ஒரு கடைசித் தேதி போட்டு, அதை நம்மை விடாமல் கேட்டுத் தொல்லை பண்ணக்கூடிய ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.