புது மீன்பிடி ரீலுக்கு ஏற்ற ராடு, குறைந்த செலவில்

மீன் பிடிக்க ரீல் வாங்கியாச்சு, ராடுக்கும் (தூண்டில் கம்புக்கும்) பெரிதாகச் செலவழிக்க மனமில்லையா? கம்புக்குக் கீழே தொங்கும் ஸ்பின்னிங் ரீல் என்றால் ஸ்பின்னிங் ராடுதான் வேண்டும், அதில் நரம்பு (தூண்டில் இழை) ஓடும் வளையங்களில் ரீலுக்கு அருகிலுள்ள முதல் வளையம் பெரிதாக இருக்கும். 2500, 3000 என்று அளவு எண் போட்ட ரீலுக்கு ஆறரை முதல் ஏழு அடி, மீடியம் பவர் (நடுத்தர விறைப்பு) போதும். எத்தனை பவுண்டு நரம்பு, எத்தனை கிராம் லூர் (செயற்கை இரை) தாங்கும் என்று கைப்பிடிக்கு மேலே ராடிலேயே அச்சிட்டிருப்பார்கள், உங்கள் நரம்பு அதற்குள் அடங்க வேண்டும்.

மலிவு ராடில் நான் முதலில் சந்தேகப்படுவது வளையங்களைத்தான். ஒவ்வொன்றுக்குள்ளும் கொஞ்சம் பஞ்சை விட்டு இழுங்கள், இழை மாட்டினால் அங்கே விரிசலோ பிசிறோ இருக்கிறது, போகப் போக நரம்பை அறுத்துவிடும். அப்புறம் ரீலைக் கையோடு கொண்டுபோய் மாட்டி, இறுக்கிய பிறகும் ஆடுகிறதா என்று பாருங்கள். கார்பன் ராடு கிடைக்காவிட்டால் பரவாயில்லை, ஃபைபர் கிளாஸ் கனம்தான், ஆனால் லேசில் உடையாது.