சைலன்சர் மாற்றிய பின் அணையாத எஞ்சின் விளக்கு

காரில் வேறு சைலன்சர் செட் மாட்டிய மூன்றாம் நாள் எஞ்சின் விளக்கு எரிந்தது. ஸ்கேனரில் பி0420 என்ற பிழைக் குறியீடு, அதாவது புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை. குறியீட்டை அழித்தால் அணையும், இரண்டு நாளில் திரும்ப எரியும். கன்வெர்ட்டரையே மாற்றச் சொன்னார்கள். நல்லவேளை, அவசரப்படவில்லை.

காலையில் புகைக்குழாய் சூடேறும் முன் எஞ்சினை ஓடவிட்டு, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தேன். கன்வெர்ட்டரைத் தாண்டி வரும் புகையில் ஆக்சிஜனை அளக்கும் பின்பக்க ஆக்சிஜன் சென்சாருக்கு ஒரு சாண் முன்னால் குபுகுபுவென்று நுரை. ஓரத்தில் கரிக்கோடு வேறு. அந்த இடுக்கில் வெளிக்காற்று புகுந்து சென்சாரைக் குழப்பியிருக்கிறது. இணைப்பில் கசியாமல் அடைக்கும் பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டிருந்தார்கள். ஒருமுறை நசுங்கியது மறுபடி சரியாக அடைக்காது. புதிதைப் போட்டு, இரண்டு போல்ட்டையும் மாறி மாறிச் சமமாக இறுக்கினேன். அப்புறம் குறியீட்டை அழித்தேன். நான்கு மாதமாக விளக்கு எரியவில்லை.