இணையச் சேவை அரசிடமா, தனியாரிடமா: எப்படி ஆராய்ந்து முடிவெடுப்பது?

தொலைபேசி, இணையச் சேவை வழங்கும் ஸ்ரீ லங்கா டெலிகொமின் அரச பங்குகளை விற்கலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் கொழும்பில் நம்மவரிடையேயும் இரண்டு அணிகள் உருவாகிவிடுகின்றன. எந்த அணியிலும் சேருமுன், அந்த நிறுவனம் இன்று யாருடையது என்று பாருங்கள். கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் ஆதலால், பெரும் பங்குதாரர்களின் விவரம் அதன் ஆண்டறிக்கையில் இருக்கும். அரசின் பங்கு ஏறத்தாழ 49.5 சதவீதம், மலேசிய முதலீட்டாளரிடம் உள்ளது ஏறத்தாழ 45 சதவீதம். 'அரச நிறுவனம்' என்பது ஏறக்குறையப் பாதி அளவுக்கே சரி.

அடுத்து வரலாற்றைப் பிரித்துப் படியுங்கள். திணைக்களமாக இருந்தது 1991இல் கூட்டுத்தாபனமாகி, 1996இல் கம்பனியாகி, 1997இல் 35.2 சதவீதப் பங்கு ஜப்பானின் தொலைபேசி நிறுவனமான என்.டி.டி.யிடம் சென்றது. தொலைபேசிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த நிலை மாறியதற்கு இந்த விற்பனையே காரணம் என்பார்கள். ஆனால் அதே காலத்தில்தான் சன்டெல், லங்கா பெல் என்ற தனியார் தொலைபேசி நிறுவனங்களுக்கும் உரிமம் கிடைத்தது, கைத்தொலைபேசி நிறுவனங்களும் வளர்ந்தன. ஆகவே மாற்றத்தில் உரிமையாளருக்கு எவ்வளவு பங்கு, போட்டிக்கு எவ்வளவு பங்கு என்று கேட்காமல் அந்த வாதத்தை ஏற்க வேண்டாம். தனியார் என்றாலே போட்டி என்றும் எண்ண வேண்டாம்: 2024இல் எயார்டெல் லங்கா என்ற கைத்தொலைபேசி நிறுவனம் இன்னொரு தனியார் நிறுவனமான டயலொக்குடன் இணைந்ததும் தெரிவுகளில் ஒன்று குறைந்தது.

கேபிளையும் சேவையையும் தனித்தனியே எடைபோடுங்கள். வெள்ளவத்தையின் ஒரே ஒழுங்கையை மூன்று நிறுவனங்கள் தோண்டுவது வீண்செலவு. ஒருவர் புதைத்த கேபிளை மற்றவரும் நியாயமான வாடகைக்குப் பயன்படுத்தலாம் என்றால், சேவையில் போட்டி தானாக வரும். இலாபம் குறைந்த வன்னிக் கிராமத்துக்கும் மலையகத் தோட்டத்துக்கும் கேபிள் இழுக்க யார் கடமைப்பட்டவர் என்பதையும் இங்கேயே கேளுங்கள்.

இந்த நிறுவனங்களுக்கு விதி வகுத்துக் கண்காணிக்கும் ஒழுங்குபடுத்துநரையும் மறக்க வேண்டாம். 2022 ஏப்ரலில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டபோது தனியார் வலையமைப்புகளும் உத்தரவுக்குப் பணிந்தன. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அரசின் கைக்குள் இருக்கும்வரை, யார் உரிமையாளர் என்பது நம் பேச்சுரிமையைப் பெரிதும் காக்காது என்பதே என் கணிப்பு. அரசே பங்குதாரராகவும் நடுவராகவும் இருப்பதும் எனக்கு உவப்பில்லை.

விற்பனை யோசனை மீண்டும் வந்தால், விலை என்ன என்று கேட்குமுன், கேபிள் வாடகை விதியும் கிராமங்களுக்கான கடப்பாடும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டுள்ளனவா என்று கேளுங்கள்.